பாட்டின் கூலி

ஸ்கெலட்டன் என்று ஊரின் பெயரைச் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு கணம் மாறும். எலும்புக்கூடு என்று பொருள்படும் அச்சொல்லை மனிதர் குடியிருக்கும் இடத்துக்குச் சூட்டியவர் எவராயினும், கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த நமக்கு அஃது அஞ்சல் உறையில் எழுதும் முகவரி, அவ்வளவே. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பாட்டனார் காலத்தில் மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டு வந்த குடும்பங்கள் நாம். சொந்த நிலம் இல்லாதவர். சொந்த ஊரிலும் ஊருக்கு வெளியே இருத்தப்பட்டவர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கம் தோண்டத் தொடங்கி ஆள் கேட்டபோது, பூமிக்கு மேலே இடமில்லாதிருந்தவர் பூமிக்குக் கீழே இறங்கினர். இம்மலரைப் படிக்கும் அன்பர் பலரின் குடும்ப வரலாறும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. ஒருவர் தேயிலைக்குப் போனார். ஒருவர் ரப்பருக்குப் போனார். நாம் தங்கத்துக்குப் போனோம்.

இவ்வளவும் ஒரு பாட்டுக் குழுவைப் பற்றிப் பேசுவதற்கான முன்னுரை என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும். ஆனால் அக்குழுவின் பாட்டைத் தங்கவயல் செவியால் கேட்பது வேறு, பிற செவியால் கேட்பது வேறு என்பது நம் துணிபு. ஆதலால் அச்செவி எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் லைன் வீடுகளில் சுவர் என்பது பெரும்பாலும் மூங்கில் தட்டி. பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டு இருமலாகவே கேட்கும். ஷிப்டு மாறும்போது ஊதும் சங்குதான் நமக்குக் கடிகாரம். ஆலையில் பாறையை இடித்துப் பொடியாக்கும் ஓசை இடைவிடாதது. அது நின்றால்தான் குழந்தை விழித்துக்கொள்ளும். எப்போதாவது தரைக்கு அடியில், மிக ஆழத்தில், பாறை தன் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கும். அக்கணம் தெருவிலுள்ள பெண்கள் அனைவரும் வாசலுக்கு வருவர். எந்த ஷிப்டு, யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறார் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சங்கு தவறான நேரத்தில் ஊதினால் மட்டும் ஓட்டம் பிடிப்பர்.

இவற்றுக்கு நடுவே இசையும் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில் சனிக்கிழமை இரவு பியானோவும் சாக்சபோனும் ஒலிக்கும். வேலிக்கு இப்பால் நின்று கேட்டவர் நம்மில் பலர். ஆங்கிலோ இந்திய நண்பர் வீடுகளில் கிட்டார் உண்டு. திருவிழாவுக்குப் பேண்டு வாத்தியம். மாரியம்மன் கூழ் வார்ப்புக்குப் பம்பையும் உடுக்கையும். சாவு வீட்டுக்குப் பறை. சுரங்கத்தில் இறந்தவர் வீட்டு வாசலில் அடிக்கப்படும் பறையைக் கேட்டு வளர்ந்தவருக்கு அக்கருவி மங்கலமா அமங்கலமா என்ற ஆராய்ச்சி தோன்றுவதில்லை. அது நம் அப்பாவின் நண்பர் போனதை ஊருக்குச் சொல்லும் குரல், அவ்வளவுதான். மேற்கத்தியக் கிட்டாரும் பறையும் அரை மைல் தொலைவுக்குள் ஒலித்த ஊர் நம்முடையது. ஆயினும் அவை இரண்டும் ஒரே மேடையில் ஏறும் என்று நாம் நினைத்ததில்லை.

ஏறின. 2018-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பெயின் பள்ளித் திடலில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதலாகப் பாடியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய குழு அது. பத்தொன்பது பேர். வடசென்னையின் கானாப் பாடகர்கள் ஒருபுறம். பம்பாய்த் தாராவியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் ராப் ஒருபுறம். பறை, சட்டி, கட்டமோளம் ஒருபுறம். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்சும் ஒருபுறம். பாடியவருள் தொடக்கத்தில் ஒரே பெண் இசைவாணி. அவர் பின்னர் 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு என்னும் இளைஞர் சொற்களை மாரிபோல் பொழிந்தார். இடஒதுக்கீட்டைப் பற்றியும், மாட்டுக்கறியைப் பற்றியும், அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும் பாட்டு. சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் நிறைவுறாத நாள்கள் அவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். திடலில் கூட்டம் ஆயிரக்கணக்கில் நின்றது. பின்பு 'மகிழ்ச்சி' என்னும் பெயரில் அவர்களுடைய பாடல் தொகுப்பு வெளிவந்தது. மலேசியத் தமிழரின் வாழ்வைப் பேசிய 'கபாலி' படத்தில், 2016-ல், நாடெங்கும் பரவிய சொல் அது.

இங்கே குழுவின் பெயரைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். நமக்குச் சுவையான பகுதி இதுவே. 'சாதியற்ற தமிழர்' என்னும் வழக்கு அயோத்திதாசப் பண்டிதருடையது. 1845-ல் பிறந்து 1914-ல் மறைந்த அப்பெருமகனார், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்கள் தங்களைச் சாதியற்றோராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியவர். 1907-ல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயரில் வைத்துக்கொண்ட இதழ் வேறு உண்டா என்று நாம் அடிக்கடி எண்ணி மகிழ்வதுண்டு. ஓராண்டுக்குப்பின் பைசா உதிர்ந்து 'தமிழன்' ஆயிற்று.

அவ்விதழுக்கு வாசகர் எங்கிருந்தார்? சென்னையில் இருந்தார்; பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தார்; நம் தங்கவயலிலும் திரளாக இருந்தார். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பண்டிதரின் நூல்கள் தங்கவயலில் அச்சேறின. சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவற்றைப் பல்லாண்டுகள் வெளியிட்டு வந்தது. பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழை 1926-ல் மீண்டும் எழுப்பியவர் ஜி. அப்பாதுரையார். எங்கிருந்து? கோலார் தங்கவயலிலிருந்து. 1930-களின் நடுப்பகுதி வரை அவ்விதழ் அங்கிருந்து வெளிவந்தது. பகலில் பாறை உடைத்து இரவில் அரிக்கேன் விளக்கில் 'தமிழன்' படித்த கைகள் நம் பாட்டனார் தலைமுறையின் கைகள். எழுத்தறியாதவர் சுற்றி அமர்வர். ஒருவர் உரக்கப் படிப்பார். தட்டிச் சுவருக்கு அப்பாலும் கேட்கும்.

நூறாண்டு கழித்துச் சென்னையில் இளைஞர் சிலர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அதே பெயரைச் சூடி மேடையேறியபோது, சென்னை நாளிதழ்கள் அதைப் புதுமை என்று எழுதின. புதுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அச்சொல்லின் ஈயம் உருகிய அச்சுக்கூடங்களுள் ஒன்று நம் சுரங்கத்து வாயிலில் இருந்தது. தட்டிச் சுவருக்கு அப்பால் இருந்தவர்க்கு அது பழைய குரல்.

பதிவு என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1930-ல் சுரங்க முதலாளிகள் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டனர். ஒருமுறை வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் வேறு பெயரில் வேறு சுரங்கத்தில் நுழையாதிருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை; முறையான சங்கம் என்று ஒன்று அப்போது இல்லை. கணக்கில் எந்தப் பெயரால் ஏறுவது என்பதை நாமே முடிவு செய்வோம் என்று பண்டிதர் சொன்னதைக் கேட்டவரும் அவ்வேலைநிறுத்தத்தில் இருந்திருப்பர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இனிப் பாட்டு சந்தைக்குப் போன கதை. ஓரத்தில் பிறந்த இசை ஊர் நடுவே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்னும் மரம் வெட்டும் ஊர். அங்கிருந்து புறப்பட்ட இளைஞர் இருவர் தொடங்கிய குழு 'நிர்வாணா'. பௌத்தச் சொல்லே அங்கும் பெயராயிற்று என்பதைக் கண்டு நாம் சிரித்துக்கொண்டோம். மாற்று ராக் என்று ஒதுக்கிப் பேசப்பட்ட வகையில் பாடிய அவர்கள், 1991 செப்டம்பரில் 'நெவர்மைண்ட்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். வெளியிட்ட நிறுவனமே பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1992 சனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் தொகுப்பை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. அப்போது பாடகர் கர்ட் கோபேனுக்கு வந்த கவலை விந்தையானது: யாரை எதிர்த்துப் பாடினோமோ அவரும் இப்போது நம் பாட்டைக் கேட்டு ஆடுகிறாரே என்பது. அதே 1992-ல் வந்த அடுத்த தொகுப்பின் உறையிலேயே, நிறவெறியரும் பெண்களை வெறுப்பவரும் எங்கள் பாட்டுக்கு வரவேண்டா என்று எழுதி வைத்தார். ஈராண்டு கழித்து அவர் இவ்வுலகில் இல்லை. அவர் துன்பத்துக்குக் காரணங்கள் பல. அவற்றைச் சந்தையின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. ஆனால் அவருடைய அக்கவலை மெய்யானது.

நம் குழுவினரின் வெற்றி அத்தகைய பெருவிற்பனையாக வரவில்லை. திரைப்படமே இசைச் சந்தையாக இருக்கும் தமிழ்நாட்டில் தனியிசைத் தொகுப்பு ஒன்று கடையை உடைத்துக்கொண்டு போதல் அரிது. உடைத்துக்கொண்டு போனது அக்குழுவில் வளர்ந்த அறிவின் பாட்டு ஒன்று: 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது, இசை சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது ஏ.ஆர். ரகுமானின் துணையோடு கனடாத் தமிழர் தொடங்கிய 'மாஜ்ஜா'. கொரோனாக் கொடுநோய் ஊரை அடைத்து வைத்திருந்த காலம். அப்பாட்டு பல கோடி முறை கேட்கப்பட்டது. தமிழறியாதவரும் ஆடினர். பிரான்சு நாட்டு இசைஞர் ஒருவர் அதை மறுவார்ப்புச் செய்தார். பேரப்பிள்ளைகள் நம் வீட்டுக் கூடத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு நாள் முழுதும் அதையே முழக்கினர். பேரனைத் தொட்டிலில் இட்டு 'என் சாமி' என்று கொஞ்சும் பாட்டிமார் சொல், 'எஞ்சாமி' என்று தேய்ந்த உருவிலேயே உலகம் சுற்றியது.

பாட்டின் உள்ளே இருப்பது வேறு. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். காடழித்துத் தோட்டமாக்கிய மக்கள் பல தலைமுறை உழைத்தபின், 1964-ல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையால் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தவர்க்கு இங்கே நிலமும் இல்லை, உறவும் மெலிந்திருந்தது. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் சொந்தமில்லை என்னும் ஒப்பாரியே அப்பாட்டின் உயிர். அரக்கோணம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் பாட்டனார்கள் புறப்பட்ட மாவட்டமும் அதுவே. பேரப்பிள்ளைகள் துள்ளியபோது, நம் வீட்டு மூதாட்டி ஒருவர் மட்டும் நாற்காலியில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் ஆயா அழுகிறீர்கள், இது ஆட்டப் பாட்டுத்தானே என்று பிள்ளைகள் கேட்டனர். சாவுக்குப் பாடுகிற பாட்டை ஆட்டத்துக்கு அடித்தால் இப்படித்தான் இருக்கும் என்றார் அவர். இசை விமரிசகர் எவரும் இதைவிடச் சுருக்கமாக எழுதியதாக நமக்குத் தெரியவில்லை.

பிறகு நேர்ந்தவை நாளிதழ் படிப்போர் அறிந்தவையே. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அப்பாட்டின் புகழைக் கொண்டாடி அட்டைப்படம் வெளியிட்டது. அட்டையில் தீ இருந்தார். வேறொரு பாடகர் இருந்தார். எழுதிய அறிவு இல்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்குத் தனியே ஓர் அட்டை மின்வடிவில் வந்தது. 2022 சூலை 28-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு உலக நாடுகளின் முன்னே ஒலித்தது. அன்றும் மேடையில் அறிவு இல்லை. சில நாள்களில் அறிவு தம் வருத்தத்தை வெளிப்படையாக எழுதினார். சொல்லும் மெட்டும் தம் உழைப்பு என்பது அவர் கூற்று. அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார், உரிமை மூவருக்கும் சமபங்கே என்பது சந்தோஷ் நாராயணன் கூற்று. அறிவின் பங்கைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என்றார் தீ. 2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்றாண்டு நிறைந்தபோது, சந்தோஷ் நாராயணன் மற்றொன்று சொன்னார்: அத்துணை கோடிப் பேர் கேட்ட அப்பாட்டுக்காக மூவரில் ஒருவருக்கும் அதுவரை வருவாய் வந்து சேரவில்லை என்று. வெளியிட்டோர் தரப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. இதில் நடுவராக அமர நமக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. மெட்டு எவருடையது, சொல் எவருடையது, ஒலிக்கோவை எவருடையது என்று பிரிப்பது, கரைத்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது போன்ற வேலை.

ஆயினும் தங்கவயல்காரர் இச்செய்தியைப் படிக்கும் முறை சற்று வேறு. கோலார்ச் சுரங்கங்கள் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் கொடுத்த தங்கம் 800 டன் அளவு என்பர். ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். கீழே வெப்பம் தாங்காமல் கோவணத்தோடு வேலை செய்தவர் மேலே வரும்போது, தங்கத்துணுக்கு எதையேனும் ஒளித்துக் கொண்டுவருகிறாரோ என்று உடல் தடவிச் சோதிக்கப்படுவார். அவர் உண்மையில் கொண்டுவந்தது நுரையீரலில் படிந்த கல்தூசு. அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்நாட்டில் அந்நோய் மருத்துவரால் முதன்முதல் அடையாளம் காணப்பட்ட இடங்களுள் நம் வயலும் ஒன்று. சோதிப்பவர் அதைக் கண்டுபிடித்து வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் நம் தந்தையர் இன்னும் பத்தாண்டு இருந்திருப்பர். தங்கம் இலண்டனுக்குப் போயிற்று. விடுதலைக்குப்பின் அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மைய அரசும் சுரங்கங்களை ஏற்றன. வருவாயைவிடச் செலவு மிகுந்துவிட்டது என்று 2001 பிப்ரவரி 28-ல் மூடினர். வயலில் எஞ்சியது சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அரைத்த மண் அது, கோடிக்கணக்கான டன். காற்றடித்தால் வீட்டுக்குள் வரும், சோற்றிலும் விழும்.

ஆக, பல கோடி முறை ஒலித்த பாட்டுக்குப் பாடியவனுக்குக் கூலி வரவில்லை என்று கேட்டபோது, நம் ஊர்ப் பெரியவர் எவருக்கும் வியப்பே உண்டாகவில்லை. கூண்டு மேலே வந்ததா, சரக்கு மேலே வந்ததா, ஆள் மேலே வந்தானா என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள் என்பது அவர்கள் பட்டறிவு.

இதற்கிடையே நம் மேடுகள் திரையிலும் தோன்றின. 2018-லும் 2022-லும் வந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படங்கள் சயனைடு மேட்டை உலகுக்குக் காட்டின. மேட்டைக் கண்டோம், நம்மைக் காணவில்லை. கதை என்பது கதைதானே என்று சமாதானம் கொள்ளலாம்; பிள்ளைகள் பள்ளியில் அதைச் சொல்லிப் பெருமை கொண்டதையும் மறைக்க வேண்டுவதில்லை. பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' 2024 ஆகஸ்டு 15-ல் வந்தது. அதில் வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப் புறப்படும் மக்கள் இருந்தனர். மாயமும் மந்திரமும் சற்று மிகுதி என்பது நம் கருத்து. ஆனாலும் அரங்கில் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் படம் முடிந்தும் எழவில்லை.

சுரங்கம் மூடியபின் நாம் சிதறினோம். இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் இரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகின்றனர். திரும்ப மனமில்லாதவர் நகரத்திலேயே தங்கினர். இன்னும் சிலர் கடல் கடந்தனர். போன இடத்தில் எல்லாம் தமிழ்ச் சங்கம் கண்டோம். சங்கத்தில் நாம் எல்லோரும் தமிழர். அதுதான் அதன் அழகு. எந்த ஊர் என்று கேட்பர், தங்கவயல் என்போம். அங்கே எந்தப் பகுதி என்று கேட்பர். அக்கேள்வி ஊரைப் பற்றியது மட்டும் அன்று என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ராபர்ட்சன்பேட்டை என்று பொதுவாகச் சொல்லித் தப்பியவர் நம்மில் உண்டு. ஸ்கெலட்டன் லைன் என்று சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்திருந்தவரும் உண்டு.

இப்பின்னணியில்தான், நாம் சார்ந்த சங்கம் ஒன்றில், பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகள் ஒரு நிகழ்ச்சி கொடுக்க விரும்பினர். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடல் ஒன்றும், எஞ்சாமியும், உடன் பறை. குழுக் கூட்டத்தில் எஞ்சாமிக்கு ஒருவரும் தடை சொல்லவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளே ஆடுகின்றனரே! மற்றதற்குத் தயக்கம் வந்தது. சங்கத்தில் சாதிப் பேச்சு எதற்கு என்றார் ஒருவர். சாதி இல்லை என்றுதானே அவர்கள் பாடுகிறார்கள் என்றாள் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி. பறை வேண்டா, டிரம்ஸ் வைத்துக்கொள்ளலாம், அதே தாளந்தானே என்று இன்னொருவர் இணக்கம் பேசினார். நல்ல மனிதர், நோயுற்றவர் வீட்டுக்கு முதலில் ஓடுபவர். அவருக்குப் பறையின் ஓசை பிடிக்காமல் இல்லை. மேடையில் அது பறை என்ற பெயரோடு நிற்பதுதான் கூச்சமாக இருந்தது. விவாதம் இரு கூட்டங்கள் நீண்டது. தேநீர் ஆறிப்போனதைத் தவிர முதல் கூட்டத்தில் வேறு முடிவு ஏற்படவில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு அப்பெண் 'தமிழன்' இதழின் பழைய பக்கங்களின் படியெடுப்பைக் கொண்டுவந்தாள். பக்கத்தின் தலைப்பில் கோலார் தங்கவயல் என்று அச்சாகி இருந்ததைக் கண்டு கூட்டத்தில் மூவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டனர். அவர்களில் ஒருவர் அவ்வூரில் பிறந்தவர் என்பது பத்தாண்டுப் பழக்கத்தில் அன்றுதான் பிறருக்குத் தெரிந்தது.

நிகழ்ச்சி நடந்தது. பறை பறை என்ற பெயராலேயே அறிவிக்கப்பட்டது. முன்வரிசையில் இரண்டு குடும்பங்கள் அப்போது தேநீருக்கு எழுந்து சென்றன, ஏனையோர் இருந்தனர். பிள்ளைகளின் தாளம் இரண்டிடங்களில் பிசகியது. கிட்டார் ஓசை மிகுந்து சொற்கள் சரியாகக் கேட்கவில்லை. வயது முதிர்ந்தவர்கள் அதைச் சொல்லாமல் விடவில்லை.

பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுத்தவர் தங்கவயலிலிருந்து வந்தவர். முப்பதாண்டு அண்டர்கிரவுண்டு வேலை பார்த்து, சுரங்கம் மூடியபோது கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறியவர். ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்து போனார். தோலை வெயிலில் காய்ச்சுவதையும், குச்சியைப் பிடிப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டினார். சோறு போட்டால் போதும் என்றார். பணம் என்ற பேச்சை எடுத்தாலே கையை உதறினார். விழா முடிந்து ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது, ஒலிபெருக்கி இவ்வளவு, மேடை அலங்காரம் இவ்வளவு, பரதநாட்டிய ஆசிரியைக்குச் சன்மானம் இவ்வளவு என்று பெயரோடு வந்தது. பறை ஆசிரியரின் இரயில் கட்டணமும் சிறு தொகையும் 'இதரச் செலவு' என்ற தலைப்பில், வாழையிலைக்கும் குப்பை அள்ளியதற்கும் இடையே கிடந்தன. பொருளாளர் இதைத் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. பழைய கணக்குப் புத்தகத்தில் அதற்கென்று தலைப்பு இல்லை. அவ்வரியை நாம் திருத்தச் சொன்னோம். நாட்டிய ஆசிரியைக்குக் கொடுத்த அதே தொகை அவருக்கும் என்று முடிவாயிற்று. எஞ்சிய பணம் அஞ்சலில் அனுப்பப்பட்டது. பெயரை எழுத முற்பட்டபோதுதான் அவருடைய முழுப்பெயர் நம்மில் எவருக்கும் தெரியாது என்பது புலனாயிற்று. வாத்தியார் என்றே அழைத்து வந்திருந்தோம். அப்பெண் தொலைபேசியில் அவரையே கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னார். அடித்த வரிக்கு மேலே, சிறிது நெருக்கமாக, பொருளாளர் அதை எழுதினார்.